ஜெர்மனியா, காபெஸா

ஃபௌசி ஜெர்மனிக்குப் போன நாளிலிருந்து ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதி வந்தான். ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் துனிசியாவில் எங்கள் ஊரான காபெஸ். ஞாயிற்றுக்கிழமை அக்கா சல்வாவுக்குப் போன் செய்தால் முதலில் அதைத்தான் படிப்பான். பேருந்து சொன்ன நிமிஷத்துக்கு வருகிறது, ஜெர்மனிக்கு ஒன்று. சர்க்கரைக்கு வரிசையில் நிற்க வேண்டாம், இன்னொன்று. தொழிற்சாலைப் புகைக்குப் பயப்படாமல் ஜன்னலைத் திறந்து வைக்கலாம், அதற்கும் ஒன்று.

"நம்ம பக்கம் ஒண்ணாவது இருக்காடா?" என்பாள் சல்வா.

"இருக்கே. அம்மா."

"அப்போ நான் என்ன தொக்கா?"

"உன்னையும் உன் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதையும் சேர்த்து ஒரு அரை போட்டிருக்கேன், போ."

அந்த அம்மா பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஊர் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இதய மருத்துவர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்றே பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கமும் ஆயிற்று.

ஃபௌசிக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் தனியாக இருப்பவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத விதி. அழுதால் பிடித்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? அதோடு மார்ச்சில் அவனுக்கு நர்ஸ் பரீட்சை. அதில் தேறினால்தான் நிரந்தர வேலை, தங்கும் அனுமதி எல்லாம். "பரீட்சை முடியட்டும்," என்றார் பஷீர் மாமா, அம்மாவின் அண்ணன். அவன் தேறினான். "ஆகஸ்ட்ல லீவுக்கு வர்றான்ல, நேர்ல சொல்லிக்கலாம். அதுவரைக்கும் யாரும் வாயைத் தொறக்கப்படாது," என்றார். மாமாவுக்கென்ன, உத்தரவு போட்டுவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விடுவார். பொய்யைச் சுமந்தவள் சல்வா.

அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று சொல்லிவைத்தாள். வீடியோவில் முகம் காட்ட அம்மா என்றைக்குமே சம்மதித்ததில்லை, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பீக்கரைப் போட்டு, காலிக் கட்டில் மேல் போனை வைப்பாள். அவன் பாட்டுக்குப் பேசுவான். "அம்மா சிரிக்கிறாங்கடா", "தலையாட்டுறாங்கடா" என்று இவள் இட்டுக்கட்டுவாள். அப்புறம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு ஃபௌசி பட்டியலைப் படிக்கவில்லை. குரல் கம்மியிருந்தது.

"அக்கா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. சொல்லு."

"அம்மா, நான் வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன். இங்க முதியோர் இல்லத்துல தினமும் பன்னெண்டு கிழவிங்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்க வைக்கிறேன். அவங்க பிள்ளைங்க வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புறாங்க. நீங்க தொண்டையை அறுத்துக்கிட்டுக் கிடக்குறீங்க, நான் போன்ல குசலம் விசாரிக்கிறேன். எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? பஸ்ஸு நேரத்துக்கு வந்து நான் எங்க போகப்போறேன்?"

சல்வா போனருகே நகர்ந்தாள். ஜெர்மனியில் தங்கும் அனுமதி ஒரு தடவை கைவிட்டுப் போனால் போனதுதான். இல்லாத அம்மாவுக்காக அதைத் தூக்கி எறியப் போகிறான்.

"அவசரப்படாதேடா. ஆகஸ்ட்ல வா, பேசிக்கலாம்."

"உன்னைக் கேக்கல, அம்மாவைக் கேக்குறேன். அம்மா, நீங்க பேச வேணாம். கட்டில்ல தட்டுங்க, போதும். வரணும்னா ரெண்டு தட்டு. வேணாம்னா ஒண்ணு."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் ஏதோ ஒரு ஊரில், பூட்டிய அறைக்குள் தம்பி தரையில் கிடந்து கதறுவதுதான் அவள் கண்ணில் நின்றது. குனிந்து, கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் ஒரு தடவை தட்டினாள்.

ஃபௌசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். நாங்க சாப்பிடணும்னு உங்களுக்குப் பசிக்கலன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. அதான், உங்களைக் கேக்குறதுக்கு முன்னாடியே வெள்ளிக்கிழமை ராஜினாமா குடுத்துட்டேன்."

சல்வா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இனி மறைத்து எதைக் காப்பாற்ற?

"ஃபௌசி, நாளைக்கே போய் அந்தக் கடிதாசியைத் திருப்பி வாங்கிடுடா. அம்மா இல்லடா. பிப்ரவரியிலயே போயிட்டாங்க."

கத்துவான், திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்போ இப்ப தட்டினது யாரு?"

"நான்தான்டா."

"ஒரு தட்டு."

"ஆமா."

"அப்போ என்னை வர வேணாம்னு சொன்னது நீதான்," என்றான். "அம்மா இல்ல."

உன் நல்லதுக்குத்தாண்டா என்று அவள் வாயெடுப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எதைப் போனில் சொல்லக் கூடாது என்று நான்கு மாதம் செத்துப் பிழைத்தாளோ அதைச் சொல்லியாகிவிட்டது, அவன் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.