பிறந்ததும் போட வேண்டிய ஊசி

எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கு நர்ஸாகப் போட்டார்கள். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குழந்தைக்குப் போகாமல் தடுக்க முடிகிறதா என்று பார்க்கும் வேலை. யாருக்கு வைரஸ் இருக்கிறது என்று அவள் வீட்டாரிடம்கூட மூச்சு விடக்கூடாது.

ஜஹனாராவுக்கு இருந்தது. அவளுக்கும், ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் கணவன் காஷிஃபுக்கும் மட்டும்தான் தெரியும். தலைப்பிரசவம் என்று அவளை ராயப்பேட்டையில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசி போட வேண்டும். அதில் ஒன்று அங்கிருந்த சின்ன நர்சிங் ஹோமில் கிடையாது. வலி எடுத்ததும் காஷிஃப் போன் செய்தான். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன்.

போவதற்குள் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. டாக்டர் அடுத்த பிரசவத்தில் இருந்தார். குழந்தை ஜஹனாராவின் அம்மா கையில்.

“இன்னா ஊசிம்மா அது? பச்ச மண்ணு! எங்க வூட்ல யாருக்கும் இதெல்லாம் போட்டதே கெடையாது. இன்னாத்துக்குன்னு சொல்லு, அப்பால போடு.”

பக்கத்தில் மாமியார் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“டாக்டர் எழுதின ஊசிம்மா” என்று மென்று விழுங்கினேன். ஐயோ, உண்மை நாக்கு நுனியில் நிற்கிறது, சொல்ல முடியவில்லை! காஷிஃப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அம்மீ, என் ரத்தத்துல மஞ்சக்காமாலை கிருமி கீது. புள்ளைக்கு ஒட்டிக்காம இருக்கத்தான் அந்த ஊசி. சிஸ்டராண்ட புள்ளயக் குடு.”

“யா அல்லா! இத்தினி நாளா மறைச்சியா?” என்றார் மாமியார்.

“ஆமா மாமி, மறைச்சேன். அப்பால எவ்ளோ வேணா திட்டுங்க. இப்ப ஊசி போடட்டும்.”

தையல் போட்ட உடம்போடு எழுந்து உட்கார்ந்து சொன்னாள், மகராசி. குழந்தை என் கைக்கு வந்தது. தொடைக்கு ஒன்றாகப் போட்டேன். ஐஸ் பெட்டியை மூடும்போது கண் கலங்கிவிட்டது.

மாமியார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜஹனாரா அசரவே இல்லை. மற்ற தடுப்பூசிகளுக்கெல்லாம் தவறாமல் வந்தாள். “என் பேரச் சொல்லியே மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர்” என்றாள். குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும், தன் அம்மாவையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்து வந்தாள்.

அந்த அம்மாவுக்கும் வைரஸ் இருந்தது. மகளைப் பெற்றபோதே அவளுக்குப் போயிருக்கலாம் என்றார் எங்கள் டாக்டர். அந்த அம்மா உடைந்துபோனார்.

“நானே என் பொண்ணுக்குக் குடுத்துட்டனே!”

குழந்தையின் ரத்தத்தையும் சோதித்திருந்தோம். அவனுக்கு வைரஸ் இல்லை. ஜஹனாரா அவனைத் தூக்கித் தன் அம்மாவின் மடியில் உட்கார வைத்தாள்.

“உனக்கு யாரும் சொல்லல அம்மீ, எனக்கு சொன்னாங்க. எத்தினி தலமுறையா வந்துச்சோ. என்னோட நின்னுபோச்சு. அழாத.”