கொப்பரைப் பட்டியல்

கிர்ஸ்மனின் முதல் குத்து என் மூக்கில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். வாயெல்லாம் இரும்புச் சுவை. மேலே, பண்பாட்டு இல்லத்தின் கூரையில், நாய் படுத்திருப்பதுபோல் ஓர் ஈரக் கறை. பள்ளி நாட்களில் பொம்மலாட்டம் பார்க்க வந்தபோதும் அந்த நாய் அங்கேதான் படுத்திருந்தது.

“எவ்வளவுக்குடா எங்கள வித்த?” கிர்ஸ்மன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். லாரி டயரைத் தனியாளாகக் கழற்றும் கை. “ஆத்த வித்த சரி, என் பேரையுமாடா வித்த?”

“நல்லா போடு அவன!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். என் எதிர்வீட்டுக்காரரின் குரல்.

இரண்டு நிமிஷத்துக்கு முன்புவரை நான் யசெனிக் ஊர் நலச் சங்கத்தின் செயலாளர். கரையில் லிண்டன் மரம் நடுவதற்கு ஆள் சேர்ப்பது, கூட்டங்களுக்குக் கதவு திறந்துவிடுவது, ஜூலையில் கொப்பரை நாள் நடத்துவது எல்லாம் என் வேலை. அன்று ஒவ்வொரு வீடும் ஆற்றங்கரையில் ஒரு கொப்பரை ஏற்றி மீன் சூப் காய்ச்சும். எந்த வீட்டுக்கு எந்த அடுப்பு, எவ்வளவு விறகு என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குபவன் நான்.

இப்போது நடந்துகொண்டிருந்தது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். தலைநகரிலிருந்து வந்த ஒரு நிறுவனம், எங்கள் ஸ்துதெனா ஆற்றைப் பதினொரு கிலோமீட்டருக்குக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்கப் போகிறது. ஊரின் கருத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சட்டம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்கள். நாங்கள் எல்லோரும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தோம். அரங்கம் நிறைந்து, ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒக்னியென் என்ற நிறுவனத்து ஆள் எழுந்து, பொறுமையாகச் சிரித்துவிட்டுச் சொன்னான்: “நீங்க எதிர்க்கறீங்கன்னு சொல்றீங்க. ஆனா இதே ஊர்ல நூத்தி நாப்பத்தி மூணு பேரு சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.” ஆறு தாள்களை உயர்த்திக் காட்டினான். “இதச் சேகரிச்சுக் குடுத்த உங்க சங்கச் செயலாளர் லுபோமிருக்கு எங்க நிறுவனத்தோட நன்றி.”

இரண்டாவது தாளின் ஓரத்தில் ஒரு சிவப்பு எண்ணெய்க் கறை இருந்தது. அது மிளகாய்ப்பொடி எண்ணெய். என் கொப்பரையிலிருந்து தெறித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் திறப்பதற்குள் கிர்ஸ்மன் வந்துவிட்டான்.

“விடுடா மாடே!”

ஸ்பாசெனியா அக்காவின் கைப்பை கிர்ஸ்மனின் காதோடு சேர்த்து விழுந்தது. சங்கத் தலைவி. முப்பது வருஷம் கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். முரட்டுக் காளைகளை மூக்கணாங்கயிற்றால் அடக்கியவர். கிர்ஸ்மன் கையை எடுத்தான்.

“பேச நாக்கு இருக்கா, கடிச்சுத் துப்பிட்டியா?” என்று என்னைக் கேட்டார்.

“விறகு, அக்கா. இந்த வருஷம் கொப்பரை நாளுக்கு விறகு இந்த நிறுவனத்துக்காரங்கதான இலவசமாக் குடுத்தாங்க? யார் யாருக்குப் போச்சுன்னு கணக்குக் காட்டணும், பட்டியல் குடுங்கன்னு கேட்டாங்க. குடுத்தேன்.”

“எல்லாத் தாள்லயும் தலைப்பு எழுதியிருந்தியா?”

“முதல் தாள்ல மட்டும்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “கழுதை,” என்றார். அதில் கோபம்கூட இல்லை.

முதல் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘திட்டத்துக்குச் சம்மதம்’ என்று செப்டம்பர் தேதியிட்ட புதிய தாள் ஒன்றை மேலே சேர்த்துத் தைத்திருந்தார்கள். மற்ற ஐந்து தாளும் எங்கள் கையெழுத்துகள்.

மேடையில் மாவட்ட அலுவலகத்து அதிகாரி பெர்சிதா உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், கடுமையான சளி. அலுவலக முத்திரையைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். “வாய்ச்சொல் பதிவேட்டுல ஏறாதுங்க,” என்று மூக்கைத் துடைத்தார். “எதிர்ப்புன்னா ஆவணம் வேணும். பன்னெண்டு மணிக்குக் கூட்டத்த முடிச்சுடுவேன். அதுக்குள்ள வரலேன்னா இந்தப் பட்டியல் இணைப்பாச் சேரும்.”

கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. என் கையால் கொடுத்த தாள், என் ஊர் ஆற்றைக் குழாய்க்குள் தள்ள இன்னும் இருபது நிமிஷம்.

“அப்போ பேரையெல்லாம் உரக்கப் படிக்கச் சொல்லுங்க,” என்றார் ஸ்பாசெனியா அக்கா. “யார் சம்மதிச்சாங்கன்னு ஊரு காதால கேக்கட்டும். கேக்க உரிமை இருக்கா இல்லையா?”

பெர்சிதா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “இருக்கு.”

ஒக்னியென் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அதில் பயமில்லை. அவனே படிக்கத் தொடங்கினான். முதல் பெயர் என்னுடையது. “இல்ல!” என்று ரத்தம் தெறிக்கக் கத்தினேன். சிலர் சிரித்தார்கள். இரண்டாவது பெயர் பேக்கரிக்காரருடையது. அவர் தன் பாணியில், பதிவேட்டில் எழுத முடியாத ஒரு பதிலைச் சொன்னார். மூன்றாவது பெயரை ஒக்னியென் நிறுத்தி, நிதானமாகப் படித்தான்.

“ம்லாதென் வெல்கோவிச்.”

சிரிப்பு நின்றது. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நின்றார்கள்.

முந்தைய கொப்பரை நாளுக்குப் பிறகு ஒரு வீட்டில் யாராவது இறந்திருந்தால், கொப்பரை அவர் பெயரில்தான் ஏறும். பட்டியலில் இறந்தவர் பெயரை எழுதி, உயிரோடு இருப்பவர் கையெழுத்துப் போடுவார். முதல் கரண்டி சூப்பை ஆற்றில் ஊற்றுவார். எங்களுக்குச் சாதாரணமான இந்த வழக்கம் தலைநகர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? ம்லாதென், கிர்ஸ்மனின் தம்பி. ஏப்ரலில் மரம் வெட்டும்போது அடிமரம் உருண்டு அவன்மேல் விழுந்தது. அந்தப் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டது கிர்ஸ்மன்.

“ம்லாதென் வெல்கோவிச் வரலையா?” ஒக்னியென் தலையைத் தூக்கிப் பார்த்தான். “வெளிய நிக்கறாரா?”

“வாசல்லதான் இருக்கான்,” என்றான் கிர்ஸ்மன். குரல் மிகவும் மெதுவாக வந்தது. “ஆறு மாசமா வாசல்லயேதான் இருக்கான்.”

மேடைக்கு மூன்று படிகள். கிர்ஸ்மன் ஒன்றில்கூடக் கால் வைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒக்னியெனின் தலை மேசையில் மோதிய சத்தம், பூசணிக்காயைத் தரையில் போட்ட மாதிரி இருந்தது. தண்ணீர்க் குவளை உடைந்தது. ஒக்னியென் கண்ணாடிச் சில்லுகளில் கை ஊன்றி எழப் பார்த்தான். அந்தக் கையின்மேல் கிர்ஸ்மன் பூட்ஸ் காலை வைத்தான். விரல்கள் முறியும் சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

நிறுவனம் நான்கு காவலாட்களைக் கூட்டி வந்திருந்தது. கறுப்புச் சட்டை, மொட்டைத் தலை. அவர்கள் தடியோடு மேடையில் ஏறினார்கள். பின்னாலேயே ஊரும் ஏறியது. பேக்கரிக்காரர் ஒருவனின் காதைப் பல்லால் பிடித்துக்கொண்டார். என் எதிர்வீட்டுக்காரர் முட்டி உடைந்து திரைச்சீலையோடு சேர்ந்து விழுந்தார். யாருடைய பல்லோ என் காலடியில் உருண்டு வந்தது.

“முத்திரையப் போடு!” முகமெல்லாம் ரத்தமாக ஒக்னியென் கத்தினான். “அம்மா, முத்திரையப் போட்டு முடி!”

பெர்சிதா பதிவேட்டையும் பட்டியலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்திருந்தார். நான் தவழ்ந்து போய்க் குனிந்தேன்.

“மேடம், அவன் செத்துப்போயிட்டான். இதுல நெறைய பேரு செத்தவங்க.”

“வாயால சொன்னா எப்படிப்பா? இறப்புச் சான்றிதழ் இருக்கா?”

“இப்போ எப்படி மேடம்?”

“தேதி போட்டு அச்சடிச்ச எதாவது? எதாவது கொண்டாயேன்!” அவர் தும்மினார். “பத்து நிமிஷம் இருக்கு.”

நான் வாசலுக்கு ஓடினேன்.

பண்பாட்டு இல்லத்தின் இரட்டைக் கதவு முழுவதும் அஞ்சலித் தாள்கள். கறுப்புக் கரை, நடுவில் படம், பெயர், பிறப்பு, இறப்பு. எங்கள் பக்கத்தில் எல்லாக் கதவும் எல்லாக் கம்பமும் அப்படித்தான். ஒட்டியபின் அதை மனிதக் கை தொடக்கூடாது. வெயிலும் மழையும்தான் எடுக்க வேண்டும். தேர்தல் சுவரொட்டி ஒட்டுகிறவன்கூட அதைச் சுற்றித்தான் பசை தடவுவான்.

ம்லாதென் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். நகத்தை அவன் தாளின் மூலையில் நுழைத்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. கிழிந்துவிடக்கூடாதே என்று மெதுவாக உரித்தபோது, முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. கிர்ஸ்மன். வாசல்வரை அடித்துத் தள்ளியிருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

“என்னடா பண்ற?”

“பேரு, தேதி இருக்கு. அந்தம்மா கேக்குது.”

கையை ஓங்கினான். நான் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையும் தாளில் இருந்தன. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்து, என்னிடம் நீட்டினான்.

“கிழிக்காம எடு,” என்றான். “அவன் கழுத்துப் பக்கம் பாத்து.”

பதினொரு தாள்கள் கிடைத்தன. மற்றவற்றை மழை கொண்டுபோயிருந்தது. உள்ளே மேசைக்கு முன்னால் ஸ்பாசெனியா அக்கா கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். ஒரு காவலாள் பட்டியலைப் பிடுங்க மேசையைக் கவிழ்க்கப் பார்த்தான்.

“தள்ளு கிழவி!”

“உன்னவிடப் பெரிய காளைக்கெல்லாம் நான் காயடிச்சிருக்கேன்டா,” என்றார் அக்கா.

அவன் இரும்பு நாற்காலியைத் தூக்கினான். அது இறங்கியபோது அவர் விலகவில்லை. விலகியிருந்தால் மேசைமேல் விழுந்திருக்கும். சரிந்து, முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் படுத்தார். நான் அவரைத் தாண்டி மேசைக்கு அடியில் புகுந்தேன். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நின்றிருந்தால் அவரே என்னை உதைத்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும்.

பெர்சிதா ஒவ்வொரு தாளாகப் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். ஒரு பெயரையும் விடவில்லை. “இறந்தது ஏப்ரல். கையெழுத்து செப்டம்பர்,” என்று முணுமுணுத்தார். “இது பிப்ரவரி. இது போன டிசம்பர். பதினொண்ணு.” பதிவேட்டில் எழுதினார்: பட்டியல் ஏற்கப்படவில்லை. கூட்டம் செல்லாது. தரையிலேயே வைத்து முத்திரையைக் குத்தினார். பதினொரு தாளிலும் குத்தினார். ம்லாதெனுக்கு அது நெற்றியில் விழுந்தது.

ஸ்பாசெனியா அக்கா நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்தார். அடித்தவனைக் கைது செய்தார்கள். ஒக்னியென் அன்றே காரில் போய்விட்டான். வேறொருவனை அனுப்புவார்கள், வசந்தத்தில் புதுக் கூட்டம் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு ஆற்றங்கரையில் கொப்பரை வைப்பது என்று சங்கம் முடிவு செய்தது. விறகு நாங்களே வெட்டினோம். மேசை போட்டு, பட்டியலோடு உட்கார்ந்தேன். ஊரே வந்தது. கொப்பரைகளை இறக்கினார்கள், மீன் கழுவினார்கள், ரக்கியா சாராயத்தை ஊற்றிக்கொண்டார்கள். என் மேசைப் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்து வரும் தாளைத் தொட அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே என்னைச் சுற்றிப் போனார்.

மதியம் ஆனபோது கிர்ஸ்மன் வந்து குனிந்தான். எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒவ்வொன்றின் தலையிலும் நான் தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன்: ‘இது மீன் சூப்புக்கான பட்டியல். வேறு எதற்கும் அல்ல.’

“கோணலா எழுதியிருக்க,” என்றான்.

“மூக்கு கோணலானா எழுத்தும் கோணலாத்தான் வரும்.”

அவன் சிரிக்கவில்லை. “பேனாவக் குடு.”

“யார் பேர்ல எழுதட்டும்? ம்லாதென்?”

“அவன் பேரப் போன தடவ எழுதியாச்சு.” பேனாவை வாங்கி அவனே எழுதினான். ஸ்பாசெனியா என்ற பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பிறகு இடையில் நுழைத்தான். எதிரே தன் கையெழுத்தைப் போட்டான். தாளை என் பக்கம் திருப்பிவைத்து, பின்னால் பார்த்துக் கத்தினான்:

“டேய், வரிசையில வாங்கடா! சூப் ஆறிப்போகுது!”