மார்லிஸ் கொர்ப்பெலா சுட்ட மான்

மான் வேட்டை தொடங்கும் நாள் என்பதால் அன்று மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. சமுதாயக் கல்லூரியிலும் விடுமுறைதான், வனவிலங்கு மேலாண்மை வகுப்பைத் தவிர. அவர்களுக்கு அன்றைக்குத்தான் செய்முறைத் தேர்வு. பெட்ரோல் பங்க் பக்கத்தில் கூடாரம் போட்டு, வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களைப் பதிவு செய்ய வேண்டும்.

மார்லிஸ் காலை ஆறு மணியிலிருந்து பனியில் நின்றுகொண்டிருந்தாள். மானின் கொம்பில் கட்டியிருக்கும் உரிமச் சீட்டிலுள்ள பெயரை அவள் உரக்கப் படிப்பாள். சுட்டவர் "நான்தான்" என்பார். பிறகு தாடையைத் திறந்து, பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைப் பதிவு அட்டையில் எழுதுவாள். இருபத்தெட்டு வயதில், மரக்கடை வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்த படிப்பு. தேர்ச்சி பெற்றால் வனத்துறையில் வேலைக்கு மனுப் போடலாம்.

பதினொரு மணிக்கு அவளுடைய அண்ணன் ராயின் பிக்கப் வண்டி வந்து நின்றது.

"என்ன ஆபீசரம்மா! சீக்கிரம் எழுது, வண்டியில சாப்பிட வச்ச கறி பாஸ்டி ஆறிப்போகுது. அஞ்சு வயசுக் கிழட்டு மான், பாத்துக்கோ!"

மார்லிஸ் சீட்டைத் திருப்பினாள். அதில் அவள் பெயரே இருந்தது. மார்லிஸ் கொர்ப்பெலா. சுட்ட நேரம், காலை ஏழு பத்து.

அந்த ஊரில் இது யாருக்கும் புதிதில்லை. ஆளுக்கு ஒரு மான்தான் சுடலாம் என்பதால், மனைவி பெயரிலும் தங்கை பெயரிலும் கூடுதல் உரிமம் எடுப்பார்கள். அவர்கள் அடுப்படியில் இருக்க, ஆண்கள் சுட்டு வருவார்கள். துப்பாக்கியையே தொடாத மார்லிஸ் கணக்குப்படி ஆறு மான் சுட்டவள். ஒவ்வொரு வருடமும் ராய் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்தப் பதிவுகளை வைத்துத்தான் அடுத்த வருடம் எத்தனை மான் சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள் என்பது அவளுக்கு வகுப்பில்தான் தெரிந்தது. இந்த வருடம் அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ராய் அவளைக் கேட்காமலே அவள் பெயரில் இணையத்தில் உரிமம் வாங்கியிருக்கிறான்.

"என்ன முழிக்கறே? உன் பேருதானே, எழுத்துக்கூட்டிப் படிக்கணுமா?" ராய் குரலைத் தாழ்த்தினான். "பேசாம எழுது, மார்லி. மாட்டினா உன் படிப்பும்தான் போகும்."

அது உண்மை. வேட்டைச் சட்டத்தை மீறியவர்களுக்கு இடமில்லை என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆசிரியை கெண்ட்ரா நாலடி தள்ளி வேறொரு மானை எடை போட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு அவள் கண்ணில் படாது.

மார்லிஸ் பதிவு அட்டையை உயர்த்திப் பிடித்து, வரிசையின் கடைசி வண்டிக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"மார்லிஸ் கொர்ப்பெலா!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மார்லிஸ் கொர்ப்பெலா! ஏழு பத்துக்கு மான் சுட்டது யாரு?" பிறகு அவளே சொன்னாள். "நான்தான்! ஆறு மணியிலேருந்து இங்கேயே நின்னுக்கிட்டு, காட்டுல மான் சுட்டிருக்கேன். எப்படிப்பட்ட குறி பாருங்க!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராயின் முகம் சிவந்தது. "பைத்தியமாடி உனக்கு?"

அவள் தாடையைத் திறந்தாள். "மூணாவது கடைவாய்ப்பல் இன்னும் பால்பல்லு. ஒன்றரை வயசுக் குட்டி, ராய். இதுவா கிழடு?"

இப்போது வரிசை முழுவதும் சிரித்தது. கெண்ட்ரா ஓடிவந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். கூடாரத்தில் காவலுக்கு இருந்த வனக்காவலர் மானை இறக்கி, ராயின் பெயரை எழுதிக்கொண்டார்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க" என்றாள் மார்லிஸ். "போன ஆறு வருஷமும் இதேதான். அதுக்கெல்லாம் என் கையெழுத்து இருக்கு."

கெண்ட்ரா அவளை ஓரமாக இழுத்தாள். "அதை உன்கிட்ட யார் கேட்டா? இப்ப வியாழக்கிழமை நீ டீன் முன்னாடி நிக்கணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நிக்கறேன். இதையேதான் சொல்லுவேன். வெளியே போகச் சொன்னா எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடுவேன்."

"இனிமே வீட்டுக்குள்ள கால் வச்சுப் பாரு!" என்று ராய் வண்டியிலிருந்து கத்தினான்.

"பாதி வாடகை நான் குடுக்கறேன். நீ கால் வைக்கறதைப் பத்தி யோசி!"

கெண்ட்ரா பெருமூச்சு விட்டு அட்டையை அவள் கையிலேயே திரும்ப வைத்தாள். "வியாழன் வரைக்கும் நீ என் மாணவிதான். போ, வரிசை நிக்குது."

வரிசை நிற்கவில்லை. மூன்றாவதாக நின்ற வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்த வண்டியும் வழிவிட்டுத் தானும் திரும்பிப் போகப் பார்த்தது. அடுத்து நின்றவர் போனைக் காதில் வைத்து, "கோட்டு மாட்டிக்கிட்டு உடனே இங்கே வா, ஏன்னு கேக்காதே" என்று மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் பனியில் ஓடிப்போய், நகர்ந்த வண்டியின் பின்பக்கத்தில் பொத்தென்று தட்டினாள்.

"எங்கே போறீங்க? உங்க சீட்டுல யாரு பேரு இருக்கோ, அந்தம்மா பேரைச் சொல்லிட்டுப் போங்க!"