எலனின் அப்பா

மதியம் டப்பாவைத் திறந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. எலனுக்கு வந்திருந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, எப்போதும் வெண்ணெய் வாசனை ஏறிவரும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எலன் என்று யாரும் கிடையாது. அது ஜெயபாரதி எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர். எலனுக்கு வருவதையெல்லாம் அவள்தான் படிக்க வேண்டும்.

எலன் அமெரிக்காவில், பனி கொட்டும் ஏதோ ஒரு மாநிலத்தில் வசிப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், முதுகுவலிக்காரி. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மெழுகு போன்ற சாற்றைச் சூடாக்கி ஆவியாக இழுப்பதற்கென்று பேனா அளவில் மின்கருவிகள் விற்கிறார்கள் இல்லையா, அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, வாரக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதுவது அவள் வேலை. அங்கே அது கடையில் கிடைக்கிறது. வலிக்காக வாங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் வந்துவிடும். ஜெயபாரதி அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. சிகரெட் புகைக்கே அவளுக்கு இருமல் வரும்.

இணையத்தில் விமர்சனம் எழுதும் அந்த அலுவலகத்தில் யாரும் தாங்கள் எழுதும் பொருள் எதையும் தொட்டதில்லை. கம்பெனி தருகிற அளவுகள், வாங்கியவர்கள் இணையத்தில் புலம்பியவை, இரண்டு மூன்று வீடியோக்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏறக்குறைய அதே நீளமும் எடையும் உள்ள ஒரு பொருளைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். டீம் லீடர் அஸ்வின் அதற்குக் 'கைப்பொருள்' என்று பெயர் வைத்திருந்தான். கைப்பொருள் இல்லாமல் எழுதினால் எழுத்தில் உயிர் இருக்காது என்பான். ரூபீனா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மரம் இழைக்கும் கருவியைப் பற்றி எழுதியவள். மெத்தைகளும் அவள் பொறுப்புதான். "ஊர்ல இருக்கிற மெத்தையில எல்லாம் படுத்து எந்திரிச்சுட்டேன்டி, வீட்டுக்குப் போனா எனக்குத் தரைதான்" என்பாள்.

ஜெயபாரதியின் கைப்பொருள், மருந்து தீர்ந்துபோன ஓர் இன்சுலின் பேனா. அவள் அப்பாவுடையது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவர்களுடைய ஒன்றரை அறையில், ஜன்னலோரம் அந்தப் பேனாவை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு அவள் எலனின் வீட்டைக் கட்டினாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ குளிர்காலங்களைக் கடந்தவள் அவள். கதவில் வந்து மோதும் பனி, வாசலில் உதறப்படும் பூட்ஸ், கணப்படுப்பின் முன்னால் தூங்கும் நாய் எல்லாம் அவளுக்கு எதிர்வீட்டு மாவு மிஷினைவிட நெருக்கமாகத் தெரியும். 'ஆவியில் பைன் மரத்தின் வாசம் லேசாகத் தங்குகிறது' என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பைன் வாசம் என்று அவள் அறிந்தது கழிப்பறைக்கு ஊற்றும் வெள்ளை பினாயிலின் வாசம். அதையே மூக்கில் வரவழைத்துக்கொண்டு எழுதினாள். அந்த வரியை அஸ்வின் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான்.

அந்தக் கட்டுரையில் உண்மையென்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்த அன்று காலை அப்பா கட்டிலில் உட்கார்ந்து தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் பேனாவை வயிற்றில் அழுத்தி, கட்டை விரலை அதன் தலையில் வைத்ததும் நடுக்கம் எங்கோ போய்விடும். மெதுவாக ஒரே அழுத்து. பிறகு உதடுகள் அசைய எண்ணிக்கொண்டு அப்படியே பிடித்திருப்பார். அது அவளுக்குப் பிடித்த காட்சி. எனவே எலனுக்கு ஓர் அப்பாவைக் கொடுத்தாள். 'என் அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல் இதை அவரே இயக்குகிறார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.'

மின்னஞ்சலை எழுதியிருந்தவள் வெண்டி என்ற பெண். கோபமாக எழுதியிருந்தால் படித்துவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். மரியாதையாக எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு எலும்பில் புற்றுநோய். கையும் நடுங்கும். எலனின் அப்பாவைப் பற்றிப் படித்ததால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கருவியை வாங்கினாளாம். ஆனால் அதை எழுப்புவதற்குப் பட்டனை ஐந்து முறை படபடவென்று அழுத்த வேண்டியிருக்கிறது. ஒரு நொடி பிசகினாலும் விளக்கு அணைந்துவிடுகிறது. 'காலையிலிருந்து முயன்று பார்த்தார். கடைசியில் அழுதுவிட்டார். நான் அழுத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன், இதையாவது அவரே செய்ய நினைக்கிறார். உங்கள் அப்பா எப்படிச் செய்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.'

ஐந்து முறை என்பது ஜெயபாரதிக்குத் தெரியும். கட்டுரையில் அவளே எழுதியிருந்தாள், இரண்டு பத்தி மேலே. 'பையில் தவறுதலாக இயங்காமல் இருக்க நல்ல ஏற்பாடு' என்று பாராட்டிக்கூட இருந்தாள். அந்த ஐந்து அழுத்தலையும் கீழே நடுங்கும் கையையும் அவள் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை. அவள் கையில் இருந்தது மெதுவாக ஒரே முறை அழுத்தும் பேனா.

டப்பாவை மூடிவிட்டு அஸ்வினிடம் போனாள்.

"ஜேபி, இதுக்கா மூஞ்ச இப்படி வெச்சிருக்க?" அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழகப் பழக வந்துடும், எங்கப்பாவுக்கும் முதல்ல வரலன்னு போடு. கடைசில ஒரு ஹார்ட்டு போடு. முடிஞ்சுது."

"வராது அஸ்வின். கை நடுங்குறவங்களால முடியாது. அந்த வரியையாவது எடுத்துடலாமே."

"அந்த வரியையா? அந்த அப்பாவாலதான் அந்தப் பேஜே ஓடுது. நம்ம மொத்த சைட்லயும் ஆளுங்க அதிக நேரம் நிக்கிற எடம் அது." திரும்பிப் பார்த்தான். கெட்டவன் இல்லை. அவனுடைய மேசையில் விநாயகருக்குப் பக்கத்தில் அவனுடைய கைப்பொருளான சப்பாத்திக் கட்டை இருந்தது. "நீ வீட்டுக்குப் போ, தலவலின்னு சொல்லிக்கிறேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள ரிப்ளை போயிடணும். இல்லன்னா கமெண்ட்ல வந்து எழுதிடும் அந்தம்மா."

படியிறங்கும்போது ரூபீனா பின்னாலேயே வந்தாள். ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் வந்திருப்பாள். முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ்ல போ, நடக்காத, வெயிலு" என்று மட்டும் சொன்னாள்.

ஜெயபாரதி நடந்துதான் போனாள். லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும்போது யாரோ தன்னை உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பூக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பொய்யெழுதுவதைப் பற்றி அவள் முன்பும் யோசித்திருக்கிறாள். பொய் என்பது ஒரு மெல்லிய பஞ்சு மூட்டை, யார் தலையில் விழுந்தாலும் வலிக்காது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது, பனிபெய்யும் ஓர் ஊரில், அவள் கட்டிய வீட்டைப் போலவே இருக்கக்கூடிய ஒரு வீட்டில், ஒரு கிழவர் அவளுடைய அப்பாவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். அவரால் முடிகிறதே, என்னால் முடியவில்லையே என்று.

அப்பா முருகையன் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வடபழனி டெப்போவில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். தீபாவளிக் கூட்டத்தில் பனகல் பார்க் வழியாக, ஒருத்தர் செருப்பின் மீதுகூட ஏற்றாமல் பஸ்ஸை ஓட்டிவந்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு. அம்மா தேவானை தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள், கடை சாத்திய பிறகுதான் வருவாள்.

"இன்னாமா, சீக்கிரமே வந்துட்ட? ஒடம்பு சரியில்லியா?"

"தலவலிப்பா."

"பக்கத்து வூட்டு அமீனா பீ வந்துது. நீ சொன்ன பி.பி. மிஷினு நல்லா வேல செய்யுதாம். ஒனக்கு சேமியா குடுத்துட்டுப் போச்சு." அவர் குரலில் பெருமை இருந்தது. மகள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பற்றி அமெரிக்காக்காரனுக்கு எழுதுகிறாள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அவள்தான் அப்படிச் சொல்லியிருந்தாள்.

லேப்டாப்பைத் திறந்து பதில் பெட்டியில் 'அன்புள்ள வெண்டி' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அதற்கு மேல் வரவில்லை. மேசையில் அம்மாவின் கடையில் இனாமாகக் கொடுத்த டிக்டிக் பேனா கிடந்தது. எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, இத வேகமா அஞ்சு தபா அமுக்கு."

"இன்னாத்துக்கு?"

"சும்மா. அமுக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். முதல் அழுத்து சரியாக விழுந்தது. இரண்டாவதில் கட்டை விரல் வழுக்கியது. பேனா உள்ளங்கைக்குள் துள்ள ஆரம்பித்தது. மூன்றாவதற்காக விரல் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது பேனா கையிலிருந்து நழுவி, கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுபோய், பிறகு மெல்ல இறங்கியது. கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா போன் பண்ணுச்சா?"

"இல்லப்பா, அது..."

"ஊசிய வேற யார்னா போடட்டும்னு அன்னிக்கே சொல்லிச்சு. நாந்தான் உங்கம்மா கைல சொல்லல. எனக்கு ஒன்னும் இல்லம்மா. காலைல நல்லாதான் கீது. சாயங்காலம் ஆனா கொஞ்சம் ஆடுது, அவ்ளோதான்." டிவியைப் பார்த்தார். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தயும் புடுங்கிக்காதீங்க. நானே போட்டுக்கறேன்."

சேமியாவை மூடியிருந்த தட்டின் மேல் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது. சரி, டாக்டர்தான் சொன்னார் என்று விட்டுவிடலாம். அவள் வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. இன்னொரு பொய், அதுவும் அவர் கையின் மேலேயே. தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எலன், வராந்தா, அந்தக் கிழவர், அவர் மகள் கேட்டிருக்கும் கேள்வி, கருவிக்குள் என்ன போடுவார்கள் என்பது வரைக்கும் சொன்னாள்.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"கஞ்சாவா?"

"அங்க வலிக்குக் குடுப்பாங்கப்பா."

"டீக்கடைல எல்லார் கைலயும் சொல்லி வெச்சுக்கீறன், ஆஸ்பத்திரி மிஷினுன்னு." துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்தார். "நீ அத பாத்ததுகூட இல்ல."

"இல்ல."

"நான் அமுக்குவேன்னு எழுதிட்ட."

"ஆமா."

"யாரக் கேட்டு எழுதுன?"

கண்ணீர் வந்தால் நன்றாக இருக்குமென்று தோன்றியது. அது வராதது இன்னும் கேவலமாக இருந்தது. மேலே யாரோ படியேறிப் போகும் சத்தம் அவர்கள் தலைக்கு மேலேயே தடதடத்துவிட்டு அடங்கியது.

"அந்தாளுக்கு இன்னா வயசு?"

"தெரியலப்பா. உன்ன விடப் பெரியவரா இருப்பாரு."

"இன்னும் ஒக்காந்துக்கினு கீறாரா?"

"அங்க இப்ப ராத்திரி. தூங்கிட்டிருப்பாரு."

"வலில எங்க தூங்குறது" என்றார் அப்பா, அவளுக்குச் சொல்வதாக இல்லாமல்.

அவள் லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள். 'அன்புள்ள வெண்டி' என்பதற்குக் கீழே, 'நான் எலன் இல்லை' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். இதை அனுப்பினால் நாளை அந்தப் பேக்கரிப் படியை ஏற வேண்டியிருக்காது. அனுப்பாவிட்டால் காலையில் அந்தக் கிழவர் எழுந்து மறுபடி முயல்வார். அப்படியே அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றே சொல்தான். படித்த நாவல்களில் யாரும் இத்தனை சின்ன வரியை எழுத இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா முனகிக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவும் சத்தம். பிறகு டிவி அணைந்தது.

"அனுப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"இரு. அனுப்பாத."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் அந்த டிக்டிக் பேனா. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் தொடையோடு அழுத்தியிருந்தார், மேட்டில் ஏறும்போது உதறும் கியர் கம்பியைப் பிடித்திருப்பதுபோல. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஊசி போடும்போது அசைவதுபோல உதடுகள் அசைந்தன.

டிக். டிக்.

பேனாவின் முனை வெளியே வந்து, உள்ளே போயிற்று. விரல் வழுக்கியது. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பனியனில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

டிக். டிக். டிக்.