ஒரு மூட்டைத் தவிடு

பொற்கொடி தன் புதுப் பள்ளிச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி, மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடையில் கப்பல் விட்டாள். ஒரு கப்பல் கிள்ளான் ஆற்றைப் பார்க்கப் போய்விட்டது. சீதாலெட்சுமிக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு வயது மகளின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, நம் தாய்மார்கள் எல்லாரும் சொல்வதையே அவளும் சொன்னாள்.

“உன்னத் தவிட்டுக்குத்தான்டி வாங்குனேன்!”

பேப்பருக்குப் பின்னாலிருந்த புருஷன் அய்யாவு சும்மா இருந்திருக்கலாம். “வாங்கல லா. வித்தோம். இன்னும் மீக்கவே இல்ல,” என்றார்.

உண்மைதான். முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, பக்கத்து ரயில்வே குவாட்டர்ஸ் மாரியாயியிடம் கொடுத்து ஒரு படி தவிடு வாங்கினார்கள். விற்ற பிள்ளையென்று எமன் ஏமாந்து போவானாம். பிறகு அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்க வேண்டும். ஆனால் வாசலில் வைத்த தவிட்டை மாரியாயியின் கோழிகளே தின்றுவிட்டன. பிள்ளையோ பாலுக்கு அழுதது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மற்றதை மறந்துபோனார்கள்.

“அப்ப நான் என் வீட்டுக்குப் போறேன்,” என்று பொற்கொடி பள்ளிப்பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

பசித்தால் வருவாள் என்று சீதாலெட்சுமி இருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து நெத்திலி சம்பல் வாசனைதான் வந்தது. போய்ப் பார்த்தால், பிள்ளை குட்டி இல்லாத மாரியாயி பொற்கொடிக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பிள்ளைய அனுப்புங்க.”

“தவிடு எங்க?”

“உங்க கோழிதானே தின்னுச்சு!”

“கோழி தின்னா நான் வாங்குன மாதிரியா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, சீதா.”

சீதாலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. மகளும் அங்கே கலகலவென்று சிரித்தாள். தன் வீட்டில் அவள் இப்படிச் சிரித்து நாளாயிற்று. வராமலே இருந்துவிடுவாளோ என்ற பயம், கோமாளித்தனம் என்று தெரிந்தும் விடவில்லை.

அய்யாவு மோட்டார் சைக்கிளில் விரட்டப்பட்டார். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் சாம்பிராணி முதல் சந்தனம் வரை எல்லாம் இருந்தது, தவிடு இல்லை. கிள்ளானில் கோழித்தீவனம் விற்கும் கடை முதலாளி தவுக்கே, மூட்டையாக எடுத்தால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றுவிட்டார். தலைமுதல் கால்வரை தவிடாக வந்து சேர்ந்தார் மனிதர்.

மூட்டையை மாரியாயி வாசலில் இறக்கியதும் பொற்கொடி எட்டிப் பார்த்தாள். “ஒரு படிக்குத்தானே என்னை வித்தீங்க? இது எதுக்கு இவ்ளோ?”

கடையில் சில்லறையாகத் தரவில்லை என்றுதான் சீதாலெட்சுமி சொல்ல வந்தாள். வாயில் வேறு வந்தது.

“அப்ப நீ இத்தனூண்டு. இப்ப எவ்ளோ வளந்துட்ட! பத்தலன்னா இன்னொரு மூட்டை வாங்கியாரச் சொல்றேன். வா, கண்ணு.”

இன்னொரு மூட்டையா என்று அய்யாவு திடுக்கிட்டார். பொற்கொடி பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மாரியாயி பிள்ளையின் தலைமுடி சிக்கிய சீப்போடு அப்படியே நின்றாள். மூட்டையை அவள் தொடக்கூட இல்லை. சீதாலெட்சுமி அந்தச் சீப்பைப் பார்த்தாள். குனிந்து மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி தவிட்டை அள்ளித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும், அக்கா. முழுசா மீக்க வேணாம்.”

மாரியாயி மூக்கை உறிஞ்சினாள். “அப்ப காலையில தலை வார அனுப்பு.”