வலது பக்க ஸ்டிக்

என் அண்ணன் உமர் வீடியோ கேம் பெட்டி செய்யக் கொடுத்தபோது, ஆளை நகர்த்தும் ஸ்டிக்கை வலது பக்கம் வைக்கச் சொன்னான். உள்ளே போடும் சர்க்யூட் போர்டை பர்மா பஜாரில் வாங்கி வந்திருந்தான். பெட்டியை, பீரோ செய்யும் பொன்னுசாமி ஆசாரி அடித்தார்.

"ஸ்டிக் எந்தப் பக்கம் பாய்?" என்று ஆசாரி கேட்டார்.

"இது இன்னா கேள்வி? சோறு துன்ற கைப்பக்கம் வைங்க. முக்கியமான வேலைய எவனாவது பீச்சாங்கைல செய்வானா?"

ஆசாரிக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். பம்மலில் எங்கள் தெருப் பக்கம் வேறு பெட்டியே கிடையாது. அதனால் பையன்கள் எல்லோரும் வலது கையில் ஸ்டிக், இடது கையில் பட்டன் என்றே பழகினார்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

பையன்கள் டோக்கன் வாங்கி ஆடும் அந்தக் கடை, எங்கள் வீட்டின் முன் அறை. மாலையில் அது பையன்களுடையது. பொண்ணு என்பதால் நான் உள் வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மதியம் உமர் சாப்பிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் என்னுடையது. பர்ஸ்களுக்குத் தோல் ஓரம் மடித்து ஒட்டும் வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, விரலில் காய்ந்த சொல்யூஷன் பசையோடு பெட்டி முன்னால் உட்காருவேன்.

சண்டை கேமில் நெருப்பு வீசுவதுதான் முதல் பாடம். ஸ்டிக்கைக் கீழே இழுத்து, சரிவாக முன்னே உருட்டி, நேராக முன்னே கொண்டுவந்து, அதே மூச்சில் குத்து பட்டனை அமுக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் நெருப்பு வரவில்லை. என் ஆள் குனிந்தான், நடந்தான், அடி வாங்கினான். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். எங்கே தப்பு என்று உமரிடம் கேட்டேன்.

"பொண்ணுங்களுக்கு மணிக்கட்டு அப்டி வளையாது. வுடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அன்று மாலை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பையன்களின் கூச்சலுக்கு அடியில், ஸ்டிக்கின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. நெருப்பு வரும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் மூன்று டிக். ஒரே இழுப்பில், மழை நின்ற பிறகு கூரையிலிருந்து சொட்டுவதுபோல. நான் நடுவில் இருக்கும் டிக்கை விட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கின் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருந்ததால் சரிவுக்கு அது போகவே இல்லை. தோல் ஓரத்தை அழுத்தி மடித்தால் கோணும், விரல் நுனியில் ஓடவிட்டால்தான் நேராக வரும். மறுநாள் ஸ்டிக்கை அப்படிப் பிடித்தேன். நெருப்பு வந்தது.

ஆறு மாதத்தில் ஒரே டோக்கனில் கேமைக் கடைசி வரைக்கும் முடித்தேன். அதற்குப் பிறகு பெட்டி எனக்குச் சலித்துவிட்டது. அது எப்போது குதிக்கும், எப்போது உதைக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். எனக்கு மனுசன் வேண்டும். பயப்படுகிற, ஏமாற்றுகிற ஆள் வேண்டும்.

"சாயங்காலம் பசங்களோட ஆடுறேன்ணே," என்று தினம் கேட்டேன். தினம் முடியாது என்றான். ஒரு நாள் திடீரென்று ஒத்துக்கொண்டான்.

"மேற்குத் தாம்பரத்துல புதுசா ஒரு கடை கீது. ஞாயித்துக்கிழமை காலைல போட்டி. அங்க நம்மள யாருக்கும் தெரியாது. முதல் ஆட்டம் ஜெயிச்சின்னா சாயங்காலம் நீயும் ஆடு. தோத்துட்டியா, அப்பறம் நீ ஆடவே கூடாது. மதியமும் சேத்து."

சரி என்றேன்.

தாம்பரம் கடையில் நான்கு பெட்டிகள். நான்கிலும் ஸ்டிக் இடது பக்கம் இருந்தது.

எனக்கு எதிராக ஆட அஸ்தினாபுரத்துத் துரை. பாலிடெக்னிக் படிக்கிறவன். "இன்னாம்மா, ஸ்டிக்க மொறைச்சிகினே கீறே? ஒக்காரு, அது கடிக்காது," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்தேன். குனியச் சொன்னால் என் ஆள் குதித்தான். முன்னே போகச் சொன்னால் நின்று உதை வாங்கினான். முதல் ரவுண்டு அரை நிமிடம்கூட ஓடவில்லை.

திரும்பி உமரைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டிக் மாறி இருப்பதைப் பற்றி அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து தாம்பரம் போய் வந்தேன் என்று அவன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காது இரண்டும் கொதித்தன. வலது கையை இடது கைக்கு மேலே குறுக்கே போட்டு ஸ்டிக்கைப் பிடித்தேன். இடது கையை அதற்கு அடியில் விட்டுப் பட்டன்களில் வைத்தேன்.

"கையக் கட்டிகினு ஒக்காந்துட்டே? நான் இன்னா ஹெட்மாஸ்டரா?" என்றான் துரை.

மூன்று டிக், நெருப்பு. மூன்று டிக், நெருப்பு. அவன் குதித்து வந்தான். இறங்கும் இடத்தில் உதைத்தேன். இரண்டாம் ரவுண்டு எனக்கு. பின்னால் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் ரவுண்டில் துரை ஸ்டூலை முன்னே இழுத்துப் போட்டு ஆடினான். கடைசியில் இரண்டு பேருக்கும் நூல் அளவு உயிர் இருந்தது. என் இரண்டு முழங்கையும் ஒன்றோடொன்று இடித்தன. ஒரு டிக் விட்டுப்போனது. தோற்றேன்.

"நல்லா ஆடறே," என்றான் துரை. "எவன் உனக்கு இப்டி கத்துக் குடுத்தான்?"

பம்மல் பஸ்ஸில் உமர் இரண்டு டிக்கெட் எடுத்தான். நானே ஆரம்பித்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஸ்டிக் எந்தப் பக்கம்னு. வெள்ளிக்கிழமை பார்த்துட்டு வந்துதான் போட்டிக்கு ஒத்துக்கினே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "பசங்க கூட சரிக்குச் சரியா ஒக்காந்து நீ ஆடினா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நம்ம அத்தா காதுக்குப் போனா கடையவே மூடிடுவார். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். தோத்துட்டே இல்ல? வுடு."

வீட்டுக்கு வந்து பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். அவ்வளவு நிம்மதியான குறட்டையை நான் கேட்டதே இல்லை.

ஷட்டர் இறங்கியிருந்த கடைக்குள் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவன் ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடித்தவள் நான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டிக்கும் பட்டனும் பொருத்திய பலகையைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டேன்; ஸ்டிக் இடது பக்கம் வந்துவிட்டது. இரண்டு ஸ்டிக்குகளையும் கழற்றி அரைச் சுற்று திருப்பி முடுக்கினேன். ஒயர்களை மாற்றிச் செருகினேன். ஒரு திருகுகூடக் கீழே விழவில்லை.

ஐந்து மணிக்கு ஷட்டர் ஏறியது. முதல் ஆளாக வந்த முனிரத்தினம் டோக்கன் போட்டு உட்கார்ந்தான். கை போன இடத்தில் ஸ்டிக் இல்லை.

"இன்னா பாய், பொட்டி பல்டி அட்ச்சிடுச்சா?"

உமர் வந்து பார்த்தான். பிறகு திரைப் பக்கம் பார்த்தான். நான் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன்.

"தோத்தா தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல," என்றான் தாழ்ந்த குரலில்.

"ஆடக்கூடாதுன்னு சொன்னே. நான் ஆடல. ஊருல எல்லாக் கடைலயும் எப்டி கீதோ அப்டி வச்சேன். ஒக்காந்து ஆடிக் காட்டு."

பையன்கள் அவனைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். இடது கையால் ஸ்டிக்கின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அவன் ஆள் குனிந்தான், நடந்தான், அடி வாங்கினான். மறுபடி இழுத்தான்.

"நெருப்பு வர்லயே. ஒயர மாத்தி சொருவிட்டியா?" என்று கேட்டான்.

ஒயர் எல்லாம் சரியாக இருந்தது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். நடுவில் வர வேண்டிய டிக்கைக் காணோம். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் சொல்லவில்லை.