விடுப்புக்கான காரணம்: அப்பா வந்திருக்கிறார்

பள்ளிக்கூட அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குப் பிள்ளைகளின் பெற்றோர்கள் வைத்த பட்டப்பெயர் முடியாதம்மா. பாடம் நடக்கும் நாட்களில் காய்ச்சலுக்கும் சாவுக்கும் தவிரப் பிள்ளைக்கு விடுப்பு கிடையாது என்பது விதி. கல்யாணம், சுற்றுலா என்று யார் எந்தச் சாக்கோடு வந்தாலும் சிவப்பு முத்திரையை நங்கென்று குத்தி அனுப்பிவிடுவாள். பதினொரு வருஷமாக அவளிடம் யாருடைய பருப்பும் வேகவில்லை.

அப்பேர்ப்பட்டவளின் ஜன்னலில் ஒரு திங்கட்கிழமை வரிசையில் நின்று விண்ணப்பம் நீட்டியவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். கப்பலில் சமையல்காரன். எட்டு மாதம் கழித்து வந்தவனுக்குக் கரையில் கிடைத்தது ஒன்பதே நாள். மகளோ காலையில் பள்ளிக்கு ஓடுகிறாள். மாலை வந்தால் வீட்டுப்பாடம், அப்புறம் தூக்கம். இப்படியே போனால் அவளுடைய புத்தகப் பையைத்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டும். 'மகளுக்கு ஒன்பது நாள் விடுப்பு. காரணம்: அப்பா வந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தான்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஆனாலும் ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா? குத்திவிட்டாள். பின்னால் நின்றவர்கள் தங்கள் விண்ணப்பங்களைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

அவனா விடுகிறவன்? பிள்ளை வெளியே வரக் கூடாதென்றுதானே விதி. அப்பன் உள்ளே வரக் கூடாதென்று இல்லையே. மதிய உணவுக்கூடத்தில் ஆள் பற்றவில்லை என்று தலைமையாசிரியை புலம்பிக்கொண்டிருந்த நேரம். மறுநாளே அங்கே கரண்டியும் கையுமாக நின்றான். மகள் தினமும் வரிசையில் இரண்டு முறை வந்தாள். பசியா என்ன?

முடியாதம்மா மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மதியம்தானே பெற்றோர் அதிகம் வருவார்கள்.

கடைசி நாள். இரண்டு மணிக்கு அவனுக்குப் பேருந்து. பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு முடியாதம்மா தட்டோடு வந்து நின்றாள்.

"விண்ணப்பம் கொண்டுவந்தீங்களா மேடம்?" என்றான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். கோப்பில் இருக்க வேண்டிய அந்தச் சிவப்பு முத்திரைக் காகிதம் நாலாக மடிந்து உள்ளே கிடந்தது. பதினொரு வருஷத்தில் அவள் மீறிய ஒரே விதி. அதைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல என் பேரையும் எழுதியிருக்கலாம்ல?"

 அவன் கரண்டியை எடுத்து அவள் தட்டில் சோறு போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். போதும் என்று அவள் சொல்லவேயில்லை.